டீக்கடைக் கருத்தைக் காகிதத்தில் இறக்குவது எப்படி

பாம்பனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், மனுவும் எழுதிக் கொடுப்பேன். எதிரில் டீக்கடை. அங்கே காலையில் கிளம்பும் கருத்துகளில் பாதி, பத்து மணிக்கு மேல் என் கடை வாசலில் வந்து நின்று, "அக்கா, இதை மனுவா எழுதிக் குடுங்க" என்று கேட்கும். கச்சத்தீவு, டீசல் விலை, போனால் கெட்டுப்போன பிள்ளைகள், தொழிலுக்கு வராத பையன்கள் என்று எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் கருத்து உண்டு. இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் கருத்தை வாயில் வந்தபடியே காகிதத்தில் இறக்கினால் அது ஒரு மேஜையைக்கூடத் தாண்டாது. எப்படி இறக்கினால் தாண்டும் என்று சொல்கிறேன்.

முதலில், நீங்கள் சொல்லும் வாக்கியத்தில் 'அரசாங்கம்' என்று வரும் இடத்தை அடித்துவிட்டு, அங்கே ஒரு அலுவலகத்தின் பெயரை எழுத முடிகிறதா என்று பாருங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஊராட்சி. சாலைப் பாலத்தில் குறை என்றால் தேசிய நெடுஞ்சாலைக்காரர்கள். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் ரயில்வே. கடல் விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். கரையை ஒட்டிய கடலில் மீன்பிடிப்பு மாநிலத்தின் அதிகாரம், அதாவது 12 கடல் மைல் வரை. அதற்கு அப்பால் மத்திய அரசு. கடலுக்குப் போக வாங்கும் டோக்கன், மானிய டீசல், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் மூன்றுக்கும் போக வேண்டியது மாநில மீன்வளத் துறைக்கு. கடல் எல்லைக்கோடு டெல்லிக்கும் கொழும்புக்கும் இடையில் உள்ள சமாச்சாரம்.

கச்சத்தீவை மீட்டுத் தரச் சொல்லி கலெக்டருக்கு மனு எழுதச் சொன்னால் எழுதிக் கொடுப்பேன், காசும் வாங்குவேன். ஆனால் அதில் கலெக்டர் செய்ய ஒன்றும் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அதைப் பற்றி வாதாட ஆசைப்படுகிறவர்கள் 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. நீளமானது ஒன்றும் இல்லை. அதன் 5-வது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. மீன் பிடிக்கலாம் என்று அந்தப் பிரிவில் இல்லை. 6-வது பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் கடலில் மரபாக அனுபவித்துவந்த உரிமை தொடரும் என்கிறது. சண்டை முழுக்க இந்த இரண்டு பிரிவுகளுக்கு நடுவில்தான். 1976-இல் வந்த அடுத்த ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை போட்டது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு எந்தக் கட்சிக்காரரோடு வேண்டுமானாலும் மல்லுக்கு நில்லுங்கள், நான் டீ வாங்கித் தருகிறேன்.

அடுத்தது, கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் தனித்தனியாக எழுதுவது. வாட்ஸ்அப் வந்த பிறகு இது ரொம்பவே குழம்பிக் கிடக்கிறது. மழைக்காலத்தில் 'பாம்பனில் கூண்டு ஏற்றியாச்சு, புயல் நம்மளத்தான் அடிக்கப் போகுது' என்று குரல் பதிவு வரும். கூண்டு இருப்பது நம் ஊர்த் துறைமுகத்தில், நடந்து போய்ப் பார்க்கலாம். 1-ஆம் எண் என்றால் தூரத்தில், நடுக்கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று அர்த்தம். 3-ஆம் எண் என்றால் இங்கேயே திடீர்க் காற்றோடு மழை வரலாம் என்று அர்த்தம். இரண்டும் ஒன்றல்ல. பதிவு போட்டவருக்கு எண் தெரியாது, பயம் மட்டும்தான் தெரியும். 1964-இல் தனுஷ்கோடி போன கதை கேட்டு வளர்ந்த ஊர் இது, எங்களைப் பயமுறுத்துவது சுலபம். அதனால்தான் சொல்கிறேன்: எண் இல்லாத, தேதி இல்லாத செய்தியை நீங்கள் அடுத்தவருக்கு அனுப்பினால் அந்தப் பொய்யில் உங்களுக்கும் பங்கு உண்டு. 'எனக்கு வந்துச்சு, அனுப்பினேன்' என்பதை நான் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை.

மூன்றாவது, இதில் நம் பங்கு என்ன என்று பார்ப்பது. இந்த இடத்தில்தான் கடையில் சத்தம் கூடும். என் வீட்டுக்காரர் நாட்டுப்படகுத் தொழில், ஆகவே என் கருத்து ஒரு பக்கம் சாய்ந்ததுதான், அதை மறைக்கவில்லை. விசைப்படகுகள் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் வலை இழுக்கக்கூடாது என்பது 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வந்த விதி. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலைக்குத் தடை உண்டு. இலங்கை 2017-இல், கடலடியை ஒட்டி இழுக்கும் இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. இவ்வளவும் தெரிந்த ஒருவர் என்னிடம் வந்து, மீனவனுக்கு நாதியில்லை என்று மனு எழுதச் சொல்லும்போது, "அண்ணே, உங்க படகு என்ன மடி போடுது?" என்று கேட்பேன். சிலர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். போகட்டும். எந்த மடி என்று முடிவு செய்வது கரையில் இருக்கும் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி; இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு யாழ்ப்பாணம் சிறையில் போய் உட்காருவது கூலிக்குப் போன பையன். அவனை விடுவிக்கச் சொல்லும் மனுவை நான் காசு வாங்காமல் எழுதுவேன். படகை மீட்கச் சொல்லும் மனுவுக்குக் காசு உண்டு.

'பையன்கள் தொழிலுக்கு வருவதில்லை, எல்லாம் போன்தான் காரணம்' என்பதும் அப்படித்தான். மீன் விற்ற காசில் அவர்களுக்குப் பங்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதற்கு மேல் அதில் எழுத ஒன்றும் இல்லை.

சரி, இப்போது ஒரு கருத்தை எடுத்து முழுசாகச் செய்து பார்ப்போம். கருத்து இது: 'தடைக்கால நிவாரணம் எனக்கு வரவில்லை, வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டார்கள்.'

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2017-க்கு முன் 45 நாளாக இருந்தது. நிவாரணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆகவே முதலில் எடுக்க வேண்டியது பேனா அல்ல, பாஸ்புக். 2020-இல் சில அரசு வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்த பிறகு, கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி எண்கள் மாறின. பழைய எண்ணை எழுதிக் கொடுத்திருந்தால் பணம் வந்த வழியே திரும்பிவிடும். இரண்டு வருஷம் பணம் போடாமலும் எடுக்காமலும் இருந்தால் கணக்கு முடங்கிவிடும். ஆதாரில் ஒரு பெயர், மீனவர் அட்டையில் வேறு இனிஷியல் என்று இருக்கிறதா பாருங்கள். இதையெல்லாம் சரிபார்த்துவிட்டும் பணம் வரவில்லை என்றால்தான் அலுவலகத்தின் மேல் தவறு இருக்க வாய்ப்பு. அப்போது தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைத் தாள் போதும், தமிழிலேயே எழுதலாம், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம், சான்று வைத்தால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதத் தேவையில்லை.

கேள்வியை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இப்படி எழுதச் சொல்கிறார்கள்: 'எனக்கு ஏன் தரவில்லை? ஏழை மீனவன் என்றால் இளக்காரமா?' இதற்குத் தகவல் அலுவலர் பதில் சொல்லவே வேண்டாம். கோப்பில் இருப்பதைத் தருவதுதான் அவர் கடமை, மனசில் இருப்பதை அல்ல. அதனால் கோப்பில் இருக்கக்கூடியதைக் கேளுங்கள். நான் எழுதுவது இப்படி:

'இந்த ஆண்டு தடைக்கால நிவாரணத்துக்கு நான் கொடுத்த விண்ணப்பத்தின் இன்றைய நிலை. அதன் மேல் அலுவலகத்தில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல். நிராகரிக்கப்பட்டிருந்தால் அந்த ஆணையின் நகல். பணம் அனுப்பப்பட்டிருந்தால் அனுப்பிய தேதி, அனுப்பிய கணக்கு எண், திரும்பி வந்திருந்தால் அதன் விவரம்.'

ஏழை என்ற சொல்லும் கிடையாது, கண்ணீரும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு போனது என்று கேட்காதீர்கள், அது அவருடைய சொந்த விவரம் என்று மறுத்துவிடுவார்கள். உங்களுடையதை மட்டும் கேளுங்கள், மறுக்க முடியாது. தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் பயமில்லை, 5 நாளுக்குள் அவர்களே சரியான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

இப்போது பையன்கள் செயற்கை நுண்ணறிவிடம் மனுவை எழுதி வாங்கிக்கொண்டு, பிரின்ட் எடுக்க மட்டும் என்னிடம் வருகிறார்கள். என் பிழைப்பில் மண் என்று நான் ஒன்றும் புலம்பவில்லை. தமிழ் வழவழவென்று நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒன்றில் எங்கள் ஊரை வேறு வட்டத்தில் கொண்டுபோய் வைத்திருந்தது. இன்னொன்றில் இல்லாத ஒரு அரசாணை எண். அதை அனுப்பினால் கையெழுத்துப் போட்டவன் பொய்யன் ஆவான், போன் ஆகாது. எழுதி வாங்குங்கள், தப்பில்லை. ஊர், வட்டம், தேதி, எண் நான்கையும் விரல் வைத்துச் சரிபார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கொடுக்கும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம். 'முதல்வரின் முகவரி' என்ற அரசின் குறைதீர்ப்புப் பிரிவு என்றால் 1100-க்குப் போன். ஊர் விஷயத்துக்கு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராம சபையில் பேசிவிட்டு வருவது வீண், நீங்கள் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள். டீக்கடையில் மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் அன்றைக்கு மட்டும் வலை கட்டப் போய்விடுகிறார்கள், என்ன மாயமோ.

தகவல் மனுவுக்கு 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை என்றாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அங்கேயும் கதவு திறக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. இந்தக் கெடுவெல்லாம் தேதியை வைத்துத்தான் ஓடுகிறது. ஆகவே தபால் ரசீதை வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, மனு நகலோடு பின் செய்து வையுங்கள். அந்த வழுவழு தாளில் அடித்த எழுத்து எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கும் வெயிலுக்கும் சீக்கிரம் மங்கிவிடுகிறது. மேல்முறையீட்டுக்கு வெறும் வெள்ளைச் சீட்டோடு வந்து நின்றால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.