ஃப்ளையராக இருந்து பேஸாக: சியர்லீடிங் ஸ்டண்டில் புது இடத்துக்குப் பழகுவது எப்படி?

கோடை விடுமுறை முடிந்து ஆகஸ்டில் பயிற்சிக்குப் போனபோது நான் நான்கு அங்குலம் வளர்ந்திருந்தேன். டெக்சஸில் ஓர் உயர்நிலைப் பள்ளி அணி. அதில் ஒருத்தியை மற்றவர்கள் கையில் தூக்கி நிறுத்தும் ஸ்டண்டில் இரண்டு வருடமாக மேலே நின்றவள், அதாவது ஃப்ளையர், நான். கோச் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் நீ பேஸ்" என்று சொல்லி அடுத்த பெண்ணிடம் போய்விட்டார். பேஸ் என்றால் கீழே நின்று தூக்குபவள். அன்று ராத்திரி வீட்டில் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் சொன்னபோது, "அப்போ இனிமே நீ மேலே ஏற மாட்டியா?" என்று அம்மா கேட்டதுதான் அதிகம் வலித்தது.

இப்போது நானே சின்னப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வருடா வருடம் யாராவது ஒருத்திக்கு இடம் மாறுகிறது. அவளே வளர்ந்துவிடுவாள், அல்லது கூட ஆடுபவளுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும், அல்லது ஒருத்தி வேறு ஊருக்குக் குடிபோய்விடுவாள். காரணம் எதுவானாலும் முதல் சில வாரம் படும் பாடு ஒன்றுதான். அந்த வாரங்களில் எதை, எந்த வரிசையில் பழக வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

சியர்லீடிங் என்றதும் ஐபிஎல் மைதானத்தில் எல்லைக்கோட்டருகே ஆடுபவர்கள்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். நான் சொல்வது ஒரு ஆளைக் கையில் தூக்கி நிறுத்தும் விளையாட்டு. 1898 நவம்பர் 2 அன்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னால் போய் நின்று முழக்கத்தை நடத்தினார். அங்கே தொடங்கியதாகச் சொல்வார்கள். 2021ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதன் உலக அமைப்புக்கு முழு அங்கீகாரமே கொடுத்துவிட்டது.

படி 1: நாலு பேர் வேலையையும் தெரிந்துகொள்ளுங்கள்

சாதாரண ஸ்டண்ட் குழுவில் நாலு பேர். மேலே நிற்பவர் ஃப்ளையர். அவர் காலைத் தாங்குபவர்கள் மெயின் பேஸும் சைடு பேஸும். இருவரும் எதிரெதிரே பார்த்து நிற்பார்கள். பின்னால் நிற்பவர் பேக் ஸ்பாட். ஃப்ளையரின் கணுக்காலைப் பிடித்து மேல்நோக்கி இழுத்துப் பாரத்தைக் குறைப்பதும், எல்லாரும் ஒன்றாக அசைய கவுண்ட் (எண்ணிக்கை) சொல்வதும், விழுந்தால் தலையையும் தோளையும் காப்பாற்றுவதும் அவர் பொறுப்பு. சில அணிகளில் முன்னாலும் ஒருவர் நிற்பார்.

உங்கள் வேலையை மட்டும் கற்றுக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஸ்டண்ட் ஆடும்போது தவறு எங்கே தெரிகிறதோ அங்கே நடந்திருக்காது. மேலே ஃப்ளையரின் இடுப்பு ஆடும்; காரணம் கீழே ஒரு பேஸின் கை மற்றவள் கையைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கும்.

படி 2: கோச்சிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

இந்த மாற்றம் ஒரு சீசனுக்கா, ஒரு ஸ்டண்டுக்கா? நான் மெயினா, சைடா? இரண்டையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். வருத்தமாக இருந்தால் அதையும் சொல்லலாம், தப்பே இல்லை. பிற்பாடு அமெரிக்க அதிபரான ஐசனோவர், வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் கால்பந்து வீரராக இருந்தவர். 1912ல் முழங்கால் அடிபட்டு ஆட முடியாமல் போனதும் அதே அணிக்கு சியர்லீடராக வந்து நின்றார். அவருக்கும் அந்த முதல் நாள் லேசாக இருந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

படி 3: பிடியைத் தரையிலேயே பழகுங்கள்

மேலிருந்து கீழே வருபவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். "எனக்கு ஸ்டண்ட் தெரியுமே" என்ற எண்ணம்தான் காரணம். தெரிந்தது உங்கள் காலுக்கு. கைக்கு இது புதுசு.

ஃப்ளையரைத் தரையிலேயே நிற்கச் சொல்லுங்கள். நீங்களும் இன்னொரு பேஸும் ஆளுக்கொரு பக்கம் குந்தி உட்காருங்கள். அவள் ஒரு காலை லேசாகத் தூக்கட்டும். குதிகாலுக்குக் கீழே ஒரு கை, முன்பாதத்துக்குக் கீழே ஒரு கை. பாரம் உள்ளங்கையில் இருக்க வேண்டும். விரல்கள் ஷூவின் பக்கவாட்டைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். பாரம் விரல் நுனிக்குப் போனால் ஷூ உருளும். பாதம் தரையில் நிற்பதுபோலச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். விரல் பக்கம் தாழ்ந்தால் அவள் முன்னால் சாய்வாள், குதிகால் தாழ்ந்தால் பின்னால் போவாள்.

என் முதல் பயிற்சியில் ஒன்று நடந்தது. பிடித்திருந்த ஷூவின் அடிப்பாகம் மெல்லியது. உள்ளே அவளுடைய கால்விரல்கள் சுருங்கி மடங்குவது என் விரல்களுக்குத் தெரிந்தது. மேலே நிற்கும்போது பயந்தால் நானும் அப்படித்தான் விரலை மடக்குவேன். கையை இறுக்கிப் பிடித்தேன். சில நொடிகளில் விரல்கள் விரிந்து பாதம் தட்டையானது. இரண்டு வருடம் மேலே நின்று கற்றது எதுவும் வீணாகவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இப்படித் தரையில் 20 முறையாவது பிடித்து விடுங்கள்.

படி 4: தூக்குவது கால்

புது பேஸ்கள் எல்லாரும் கையால் தூக்கப் பார்ப்பார்கள். கை தூக்காது, கால்தான் தூக்கும். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முதுகை நிமிர்த்தி, முழங்காலை நேராகக் கீழே மடக்குங்கள். இடுப்பை முன்னால் வளைத்துக் குனிந்தால் பாரம் முழுவதும் முதுகுக்குப் போய்விடும். பிறகு தொடையால் எழும்புங்கள். அந்த வேகத்தைக் கை மேலே கொண்டுபோனால் போதும்.

ஃப்ளையராக இருந்தவர்களுக்கு இங்கே ஒரு பழக்கதோஷம் உண்டு. உடம்பு கவுண்டுக்கு ஒரு துளி முன்பே எழும்பிவிடும். குதித்து ஏறிப் பழகிய கால் இல்லையா! அதனால் முதல் வாரம் ஃப்ளையரே இல்லாமல், எதிரே நிற்கும் பேஸோடு சேர்ந்து வெறும் கையோடு மடங்கி எழும்பிப் பழகுங்கள். பேக் ஸ்பாட் "ஒன்று, இரண்டு, கீழே, மேலே" என்று சத்தமாகச் சொல்லட்டும். இரண்டு பேர் தலையும் ஒரே நேரத்தில் தாழ்ந்து, ஒரே நேரத்தில் உயர வேண்டும்.

படி 5: ஏற்றி இறக்குங்கள், பிறகு ஏற்றி நிறுத்துங்கள்

முதலில் ஏறும் நிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃப்ளையர் உங்கள் இருவர் தோளிலும் கையூன்றி, குதித்து, கால்களை உங்கள் கையில் வைத்துக் குறுகி உட்காருவாள். பேக் ஸ்பாட் அவள் இடுப்பைப் பிடித்திருப்பார். அவ்வளவுதான், கீழே இறக்கிவிடுங்கள். இது ஆட்டமில்லாமல் வந்த பிறகு ப்ரெப். அதாவது ஃப்ளையரின் பாதம் உங்கள் தோள் உயரத்தில், ஒரு பேஸுக்கு ஒரு கால். முழங்கைகளை உடம்போடு ஒட்டி வையுங்கள். அவை வெளியே விரிந்தால் கை சீக்கிரம் சோர்ந்துவிடும். இருவரும் நெருங்கியே நில்லுங்கள். இடைவெளி கூடினால் ஃப்ளையரின் கால்கள் அகன்றுபோகும்.

கண் எங்கே? முகத்தைப் பார்க்க வேண்டாம். அவள் சிரித்துக்கொண்டுதான் இருப்பாள், அது அவள் வேலை. பேஸ் பார்க்க வேண்டியது ஃப்ளையரின் இடுப்பை. விழப்போகிறாள் என்றால் இடுப்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

கையை முழுதும் நீட்டித் தலைக்கு மேல் தூக்கும் எக்ஸ்டென்ஷனும், ஒற்றைக் காலில் நிற்கும் லிபர்டியும் பிறகு. ஆல்ஸ்டார் (பள்ளி சாராத கிளப் அணிகளின்) போட்டி விதிகளும் அப்படித்தான் படிப்படியாகப் போகின்றன: இரண்டு காலில் எக்ஸ்டென்ஷன் லெவல் 2ல், ஒற்றைக் காலில் எக்ஸ்டென்ஷன் லெவல் 3ல். என் குழுவில் ப்ரெப் தொடர்ந்து ஐந்து முறை சுத்தமாக நிற்காமல் அடுத்ததற்குப் போக விடமாட்டேன்.

படி 6: பிடிக்கக் கற்காமல் வீசாதீர்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஸ்டண்டை முடிக்கும்போது ஃப்ளையரை மேலே தள்ளி விட்டு, படுத்த நிலையில் கையில் பிடிப்பதை கிரேடில் என்பார்கள். தள்ளியதும் கையைக் கீழே இறக்காதீர்கள். கை மேலேயே அவளைத் தேட வேண்டும். உயரத்திலேயே தொட்டு, அவளோடு சேர்ந்து முழங்காலை மடக்கி இறங்குங்கள். ஒரு கை முதுகுக்கு, ஒரு கை தொடைக்கு. பேக் ஸ்பாட் அக்குளுக்குக் கீழே கை கொடுத்துத் தலைப்பக்கத்தைத் தாங்குவார். அவர் தன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மோதிக்கொள்ளும்.

ஸ்டண்ட் கோணலாகிவிட்டது என்று வையுங்கள். உடம்பு தானாகப் பின்வாங்கும். அதை மாற்றத்தான் பயிற்சி. விழுபவள் பக்கம் ஓர் அடி உள்ளே போங்கள். யாரும் நகர்ந்துவிடக் கூடாது. தலையும் கழுத்தும் தரையில் படக் கூடாது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதையெல்லாம் மெத்தையிலோ புல்தரையிலோதான் பழக வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2012ல் வெளியிட்ட அறிக்கையிலும் கான்கிரீட், தார்த் தரைகளைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கோச் இல்லாமல், வீட்டு வாசலில், தோழிகளோடு ஒரு போட்டோவுக்காக ஏற்றிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

பேக் ஸ்பாட்டாகவோ ஃப்ளையராகவோ மாறினால்

பேக் ஸ்பாட்டுக்கு மூன்று விஷயம்: குரல், கை, கண். கவுண்ட் ஒருவர்தான் சொல்ல வேண்டும், அது நீங்கள். ஏற்றிய பிறகு கணுக்காலைப் பிடித்து மேலே இழுங்கள். எக்காரணத்துக்கும் கண்ணை எடுக்காதீர்கள், கையைத் தொங்கவிடாதீர்கள்.

பேஸாக இருந்து ஃப்ளையராகிறவர்களுக்கு நேர்மாறான சிக்கல். இத்தனை நாள் நீங்கள்தான் சமநிலை பார்த்தீர்கள். மேலே போனதும் அதை நீங்களே சரிசெய்ய ஆசை வரும். சரிசெய்ய அசைந்தால் கீழே இருப்பவர்களால் உங்களைப் பிடித்து நிறுத்த முடியாது. தொடையையும் வயிற்றையும் இறுக்கி, முழங்காலைப் பூட்டி, தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்து மரம் மாதிரி நில்லுங்கள். கீழே பார்க்காதீர்கள்.

உடம்பைத் தயார் செய்வது

பேஸுக்குத் தொடையும் தோளும் மணிக்கட்டும் வேண்டும். உட்கார்ந்து எழும்புவது, தலைக்கு மேல் எடை தூக்குவது, பிளாங்க், மணிக்கட்டைச் சுழற்றி நீட்டுவது என்று வாரத்தில் மூன்று நாள் செய்தால் போதும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், வளையல், தோடு எல்லாம் பையில். முன்கையில் கன்றிப்போவது முதலில் சகஜம். மணிக்கட்டு வீங்கினாலோ, சுருக்கென்று வலித்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். தலையில் அடிபட்டு மயக்கம், குமட்டல், தலைவலி ஏதாவது இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மருத்துவர் பார்த்த பிறகுதான் திரும்பி வர வேண்டும். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் மாணவ விளையாட்டு வீரர்களுக்கு இதற்கென்று சட்டமே உண்டு.

பேசுங்கள், ஆனால் இறக்கிய பிறகு

மேலே ஆள் நிற்கும்போது கவுண்ட் தவிர வேறு பேச்சு வேண்டாம். இறக்கியதும் ஃப்ளையரிடம் கேளுங்கள்: "எந்தக் கால் லூசா இருந்தது?" "நல்லா இருந்ததா?" என்று கேட்டால் நல்லா இருந்தது என்றுதான் சொல்வாள். அப்புறம், உங்கள் பழைய இடத்தில் இப்போது நிற்பவளுக்கு ஒவ்வொரு முறையும் யோசனை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். நான் சொன்னேன். ஒரு வாரம் அவள் என் முகத்தையே பார்க்கவில்லை. அவள் கேட்கும்போது சொன்னால் போதும்.

முதல் ஆட்டம்

பள்ளிக் கால்பந்து அணியின் முதல் வெள்ளிக்கிழமை ஆட்டத்தில், பயிற்சியில் நன்றாக வந்ததை மட்டும் போடுங்கள். ப்ரெப்பே போதும். ஏற்றும் முன் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள், வியர்வையில் ஷூ வழுக்கும்.

வீட்டிலிருந்து யாராவது வந்தால் மேலே நிற்பவளை விட்டுவிட்டு உங்கள் கையை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நான் அம்மாவிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அம்மா எடுத்ததில் ஃப்ளையரின் முகமே இல்லை. இரண்டு வெள்ளை ஷூக்களும் அவற்றைப் பிடித்த கைகளும்தான். "இது உன் கைதானே?" என்று அம்மா திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில்தான் என் இடது முழங்கை வெளியே விரிந்துபோவதைப் பார்த்தேன். திங்கட்கிழமை பயிற்சியில் முதலில் அதைச் சரிசெய்தோம்.