கிளட்ச் பிடித்தும் நகர்ந்த வண்டி

காங்கேயத்தை அடுத்த எங்கள் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்), கிளுவை வேலிக்கு உள்ளே கிடக்கும் பாறைகளில்தான் டிரையல்ஸ் பழகுகிறேன். கால் ஊன்றாமல் மோட்டார் சைக்கிளில் தடைகளைக் கடக்கும் போட்டி அது. இந்தப் போட்டியில் வேகத்துக்கு மதிப்பில்லை. ஒரு முறை கால் ஊன்றினால் 1 புள்ளி, இரு முறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3, விழுந்தால் 5. குறைந்த புள்ளி பெற்றவரே வெல்வார்.

போன மாதம் ஒவ்வொரு திருப்பத்திலும் கால் ஊன்ற வேண்டியிருந்தது. கிளட்சை முழுதாகப் பிடித்தும் வண்டி முன்னே இழுத்தது. கேபிள் தளர்வைச் சரிசெய்தேன், ஆயில் மாற்றினேன். பலனில்லை. பட்டறையில் புது கிளட்ச் பிளேட் போடச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கிளட்ச் பக்கம் மேலே இருக்கும்படி வண்டியைச் சாய்த்து மூடியைக் கழற்றினேன். இப்படிச் செய்தால் ஆயிலை வடிக்க வேண்டியதில்லை. இரும்பு பிளேட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ், 0.10 மி.மீ. அளவில், எங்கும் நுழையவில்லை, ஆகவே வளைவு இல்லை. குற்றவாளி, பிளேட்டுகள் அமரும் கூடை போன்ற ஹவுசிங்தான். அதன் விரல் போன்ற நீட்சிகளில், உராய்வு பிளேட்டுகளின் விளிம்பில் துருத்தும் காதுகள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருந்தது. பிளேட்டுகள் அதில் சிக்கிக்கொண்டு பிரிய மறுத்தன.

நுண் அரத்தால் மேடுகளை மட்டும் மெல்லத் தேய்த்தேன். பள்ளம் முழுதும் மறையும்வரை தேய்க்கக் கூடாது. விரல் மெலிந்தால் உடைந்துவிடும். உள்ளே துணி அடைத்து, அலுமினியத் தூளை ஒரு துகள் விடாமல் துடைத்தெடுத்தேன். பள்ளம் ஆழமாக இருந்தால் ஹவுசிங்கையே மாற்றிவிட வேண்டும். புது கேஸ்கெட் போட்டு மூடினேன்.

மறுநாள் காலை, அதே பாறைத் திருப்பத்தில், கிளட்சைப் பிடித்ததும் வண்டி அப்படியே நின்றது.