கொள்ளிடத்தில் இறங்கி வலை வீசுகிறவர்களுக்கு

இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சு வலை போடும்போது கயிற்றின் சுருக்கை மணிக்கட்டில் இறுக்கி மாட்டாதீர்கள். வலை ஏதாவது கட்டையில் சிக்கி, அதே நேரம் காலும் வழுக்கினால் அந்தக் கயிறே ஆளை அமுக்கிவிடும், அதனால் ஓர் உதறலில் கழன்றுவிடும்படி தளர்வாகப் போடுங்கள், வலை போனால் போகட்டும்.

இன்னொரு ஆபத்து மணல் அள்ளிய குழிகள். முழங்கால் ஆழத்தில்தான் நடந்துகொண்டிருப்போம், அடுத்த அடி தலைக்கு மேல் போய்விடும். மூங்கில் கழியால் முன்னால் குத்திப் பார்த்து, தரை தட்டுப்படும் இடத்தில் மட்டும், காலைத் தூக்காமல் தேய்த்தபடியே நகருங்கள். லுங்கி வேண்டவே வேண்டாம், நனைந்ததும் காலைச் சுற்றிக்கொள்ளும் (மடித்துக் கட்டினால் போதும் என்று நினைத்து நானே ஒரு முறை நன்றாகத் தண்ணீர் குடித்திருக்கிறேன்). லைஃப் ஜாக்கெட் இருந்தால் கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், மேட்டூரில் உபரி நீர் திறந்திருக்கிறார்கள், முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் விடுகிறார்கள் என்று செய்தி வந்தால் அன்றைக்கு ஆற்றுப் பக்கமே போக வேண்டாம். தண்ணீர் இழுத்துவிட்டால் எதிர்த்து நீந்தாமல் மல்லாந்து படுத்து, கால்களை நீர் ஓடும் திசையில் நீட்டி, சாய்வாகக் கரைப் பக்கம் ஒதுங்கப் பாருங்கள்.