நெட் முதல் தாள்: படித்தும் மதிப்பெண் நழுவுவது எங்கே?

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் முதுகலை முடிக்கும் பிள்ளைகள் பலருக்கு, கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வாகிய யுஜிசி நெட் என்றால் பாடத்துக்குரிய இரண்டாம் தாள்தான் நினைவுக்கு வருகிறது. தங்கள் பாடத்தை ஆண்டுக்கணக்கில் படித்தவர்கள். அதில் அவர்களுக்குத் துணிவு உண்டு. கற்பித்தல் திறனையும் ஆராய்ச்சித் திறனையும் சோதிக்கும் முதல் தாளைக் கடைசி வாரங்களுக்குத் தள்ளிவிடுகிறார்கள். பாடத்தில் கெட்டிக்காரர்களாக இருந்தும் இதனால் தகுதியைத் தவறவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

முதல் தாளில் 50 வினாக்கள், 100 மதிப்பெண். இரண்டாம் தாளில் 100 வினாக்கள், 200 மதிப்பெண். இரண்டையும் கூட்டித்தான் தகுதி பார்க்கிறார்கள். பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 35 சதவீதம் என்பது குறைந்தபட்ச வரம்பு மட்டுமே. அதைத் தொட்டுவிட்டால் தேர்ச்சி என்று நம்புவது பெரிய தவறு. இரண்டு தாள்களையும் எழுதியவர்களில் சுமார் 6 சதவீதம் பேருக்கே உதவிப் பேராசிரியர் தகுதி கிடைக்கிறது. அந்தக் கோட்டின் ஓரத்தில் நிற்பவருக்கு முதல் தாளின் ஒவ்வொரு வினாவும் கனமானது.

அடுத்த தவறு, இந்தத் தாளைப் பொது அறிவுத் தேர்வாக எண்ணி மனப்பாடம் செய்வது. யுஜிசி சட்டம் 1956, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு 1994, பருவநிலை பற்றிய பாரிஸ் ஒப்பந்தம் 2015 என்று ஆண்டுகளை அடுக்கி வைத்துக்கொள்கிறார்கள். அவையும் வேண்டும்தான். ஆனால் பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். அலகுக்கு ஐந்து வினாக்கள் என்பது பொதுவான கணக்கு. வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியும் தரவுகளை விளக்கும் பகுதியும் மட்டும் சேர்ந்தால் 20 மதிப்பெண். இவற்றுக்கு மனப்பாடம் எதுவும் தேவையில்லை, கைப்பழக்கம் போதும். கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது என்பதால் சதவீதக் கணக்கைத் தாளில் போட்டுப் பழக வேண்டும். 40 சதவீதம் 50 சதவீதமானால் உயர்வு 10 சதவீதப் புள்ளி; வளர்ச்சி விகிதமோ 25 சதவீதம். இங்கே சறுக்குபவர்கள் ஏராளம்.

ஆராய்ச்சித் திறன் பகுதியில்தான் மனப்பாடம் முழுவதுமாகக் கைவிடுகிறது. மாதிரி எடுக்கும் முறைகளின் இலக்கணத்தை ஒப்பிப்பவர்கள், ஒரு சூழலைக் கொடுத்து இது எந்த முறை என்று கேட்டால் திகைக்கிறார்கள். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைத் தொழிலாளர்களை ஆய்வு செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண், பெண் என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் பெயர்ப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தால் அது படுகை மாதிரி. அதே பிரிவுகளை வைத்துக்கொண்டு, பட்டறை வாசலில் கண்ணில் பட்டவர்களில் இத்தனை ஆண், இத்தனை பெண் என்று நிரப்பினால் அது ஒதுக்கீட்டு மாதிரி. அங்கே குலுக்கல் இல்லை, ஆகவே நிகழ்தகவு முறையும் இல்லை. சில பட்டறைகளைக் குலுக்கித் தேர்ந்து அவற்றில் வேலை செய்யும் எல்லாரையும் எடுத்தால் கொத்து மாதிரி. தொழிலை விட்டு வெளியூர் போனவர்களை, ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று தேடிப் பிடித்தால் பனிப்பந்து முறை. ஒரு மாலை உட்கார்ந்து உங்கள் ஊரை வைத்து இப்படி நான்கு ஆய்வுகளை எழுதிப் பாருங்கள். வழிகாட்டி நூலின் பத்துப் பக்கங்கள் தராத தெளிவு வரும்.

அடிப்படை ஆய்வு, பயன்பாட்டு ஆய்வு என்ற வேறுபாட்டுக்கும் தொலைவு போக வேண்டாம். 1953 முதல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. கடற்காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று அறிய முயல்வது அடிப்படை ஆய்வு. அரிப்பைத் தடுக்கும் பூச்சு ஒன்றை உருவாக்குவது பயன்பாட்டு ஆய்வு.

தருக்கப் பகுதியில் 2019 முதல் இந்தியத் தருக்கமும் உண்டு. பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம், அருத்தாபத்தி, அனுபலப்தி என்ற ஆறு பிரமாணங்களை, அதாவது அறிவைப் பெறும் வழிகளை, கண்டதும், புரியாத வடமொழி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர்களும் அப்படிச் செய்வதுதான் வேதனை. நகரத்தார் தங்கள் பூர்வீகமாகச் சொல்லும் காவிரிப்பூம்பட்டினத்தில் தொடங்குகிற மணிமேகலை இந்தப் பிரமாணங்களை அளவைகள் என்ற பெயரில் விரிவாகப் பேசுகிறது. சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையை மீண்டும் ஒருமுறை படித்தால் இந்தப் பகுதி அந்நியமாகவே இராது.

எதிர்மறைக் கூற்றுகளிலும் கவனம் வேண்டும். ‘செட்டிநாட்டு வீடுகள் எல்லாவற்றிலும் முற்றம் உண்டு’ என்பது பொய்யானால், ‘எந்த வீட்டிலும் முற்றம் இல்லை’ என்பது மெய்யாகிவிடாது. ‘சில வீடுகளில் முற்றம் இல்லை’ என்பது மட்டுமே உறுதி.

கற்பித்தல் திறன் வினாக்களுக்கு நம் வகுப்பறைகளில் நடப்பதை நினைத்து விடையளிப்பது இன்னொரு தவறு. ஆசிரியர் குறிப்புச் சொல்ல மாணவர் எழுதுவது நமக்குப் பழகிய வழக்கமாக இருக்கலாம். மாணவரைச் சிந்திக்கவும் கேள்வி கேட்கவும் வைக்கும் விடையைத்தான் தேர்வு எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பு சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

முதல் தாளின் வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ்க் குறிப்புகளை மட்டும் படித்துவிட்டுப் போனால், தெரிந்த கருத்தே தேர்வுக்கூடத்தில் அடையாளம் தெரியாமல் போகும். தமிழில் புரிந்துகொள்ளுங்கள், பழைய வினாத்தாள்களை ஆங்கிலத்தில் போட்டுப் பழகுங்கள். தினமும் ஓர் ஆங்கிலப் பத்தியைப் படித்து, நீங்கள் ஏற்கெனவே அறிந்ததைக் கலக்காமல், பத்தி சொல்வதிலிருந்து மட்டும் விடை காணுங்கள்.

இரு தாள்களுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம், நடுவில் இடைவேளை கிடையாது. கணக்கில் மாட்டிக்கொண்டு முதல் தாளுக்கே பாதி நேரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் முடிப்பது நல்லது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே ஒரு வினாவைக்கூட வெற்றாக விடக் காரணமே இல்லை.

படிப்புக்கு வெளியே ஒரு தவறு, அதுவும் கொடுமையானது. பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். நெட் தேர்வில் அந்தப் பிரிவுகள் இல்லை. மத்தியப் பட்டியலில் உங்கள் சமூகம் இருந்து, குடும்பம் வசதி படைத்தோர் வரம்புக்குள் வராமல் இருந்தால்தான் ஓ.பி.சி. சலுகை உண்டு. அதற்கான மத்திய அரசுப் படிவச் சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாலுகா அலுவலகத்திலிருந்து அது வரச் சில நாள் ஆகும் என்பதால், தேர்வு அறிவிப்புக்குக் காத்திராமல் இப்போதே விண்ணப்பியுங்கள். அப்போதே ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.