"மைசெல்ஃப் குமார்"னு ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ்

இன்டர்வியூல "மைசெல்ஃப் குமார்"னு ஆரம்பிக்கிறத மொதல்ல விடுங்க, ஐ ஆம் குமார், அவ்ளோதான். செய்யுற ஆளும் அது போய் சேர்ற ஆளும் ஒருத்தரா இருந்தாதான் மைசெல்ஃப் வரும், ஐ கட் மைசெல்ஃப் மாதிரி, இல்லன்னா நானேதான் செஞ்சேன்னு அழுத்திச் சொல்ல ஐ குக்டு இட் மைசெல்ஃப். ஆபீஸ் மெயில்ல "ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்"னு போட்டா மரியாதைன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, தப்பு, மீ போதும்.

அடுத்து "ஐ" போடணுமா "மீ" போடணுமா. செய்யுற ஆளுன்னா ஐ, ஹி, ஷி, வி, தே. வினைக்குப் பின்னாடியோ டு, ஃபார், வித், பிட்வீன் பின்னாடியோ வந்தா மீ, ஹிம், ஹெர், அஸ், தெம். யூவும் இட்டும் எங்கயும் மாறாது. ரெண்டு பேர் சேர்ந்து வந்தாதான் குழப்பமே, அப்போ கூட இருக்குற ஆள தூக்கிட்டு படிச்சுப் பாருங்க. "ஹி கால்டு ரவி அண்ட் ஐ"ல ரவிய தூக்குனா "ஹி கால்டு ஐ", காதுக்கே சகிக்கல, அப்போ மீதான். பிட்வீன் யூ அண்ட் மீயும் அப்படித்தான், இதுல வெள்ளைக்காரங்களே ஐ போட்டு சொதப்புவாங்க.

நமக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. தமிழ்ல வந்தேன், வந்தாங்கன்னு சொன்னாலே யாருன்னு புரிஞ்சிடும், இங்கிலீஷ்ல வெறும் கேம்னா (came) ஒண்ணும் புரியாது, அதனால ஆள சொல்லியே ஆகணும். படம் புடிச்சுதான்னு கேட்டா "எஸ், ஐ லைக்டு"ன்னு பாதில நிறுத்திடுறோம், ஐ லைக்டு இட்னு முடிங்க. மழை பெய்யுதுன்னா இட் இஸ் ரெயினிங், அந்த இட்டுக்கு அர்த்தம் தேடாதீங்க, சும்மா இடத்த நிரப்ப வந்தது.

அப்பாவ மரியாதையா "தே ஆர் கமிங்"னு சொன்னா கேக்குறவங்க ஒரு கும்பலே வருதுன்னு நெனைப்பாங்க, ஹி போட்டா மரியாதை ஒண்ணும் கொறையாது. ஆணா பொண்ணான்னு தெரியாத ஒருத்தருக்கு மட்டும் தாராளமா தே போடலாம், சம்ஒன் லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா. புது ஃபேஷன்னு திட்டுறவங்களுக்கு, 14ஆம் நூற்றாண்டுலயே இந்த வழக்கம் இருக்கு.

பின்னாடி பொருளோட பேர் வந்தா மை, யுவர், தேர். தனியா நின்னா மைன், யுவர்ஸ், தேர்ஸ். ஹிஸ் ரெண்டுக்கும் ஒண்ணுதான். இதுல எதுக்கும் அப்பாஸ்ட்ரஃபி (') கெடையாது, "அதோட"ன்னு அர்த்தம் வர்ற இட்ஸுக்கும் கெடையாது, இட்ஸ்ல அந்தக் குறி இருந்தா அது இட் இஸ், இல்லன்னா இட் ஹேஸ். டவுட் வந்தா இட் இஸ்னு விரிச்சுப் படிங்க, "த டாக் பிட் இட் இஸ் டெயில்"னு அர்த்தமில்லாம வந்தா குறிய எடுத்துடுங்க.