பிள்ளைகளோடு ஊர் திரும்புகிறவர்களுக்கு: பள்ளிக்கூடத்து வழி

சிங்கப்பூர், துபாய் என்று பத்துப் பதினைந்து வருடம் இருந்துவிட்டு டெல்டாவுக்கே திரும்பி வருகிறீர்கள். உங்களுக்கு இது சொந்த ஊர். அங்கே பிறந்த பிள்ளைக்கு இதுதான் வெளிநாடு. அதை மறந்ததில் எனக்கு ஒரு சைக்கிளோடு போனது.

அட்மிஷன் பெரிய விஷயமில்லை. டிசி, பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் நகல். இரண்டு நடையில் முடியும். ஆனால் ஒன்றரை கிலோமீட்டர் பள்ளிக்கு வேன் மட்டும் வைக்காதீர்கள். அங்கே பச்சை விளக்குப் பார்த்துத் தனியாக ரோட்டைக் கடந்த பிள்ளையை இங்கே வேனில் அடைப்பானேன்? வளருகிற பிள்ளை என்று பெரிய சைக்கிளும் வேண்டாம். சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையில் ஊன்ற வேண்டும்.

சரி, எங்கள் கதை. 2024 மே மாதம் நீடாமங்கலம் பக்கம் வந்து சேர்ந்தோம். கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால். இறங்கி ஏறினால் பள்ளிக்குப் பத்து நிமிடம், பாலத்தைச் சுற்றினால் இருபது. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. பையன்கள் அதில் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடினார்கள். நான்தான் கூட நடந்து குறுக்கு வழியைக் காட்டிக் கொடுத்தேன். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் மேட்டூர் அணையிலிருந்து வரவேண்டும். வழக்கமான ஜூன் 12-ல் அந்த வருடம் திறக்கவில்லை, அணையில் தண்ணீர் இல்லை. இரண்டு மாதம் வாய்க்கால் வழியே போய்வந்து பையனுக்குப் பழகிவிட்டது.

ஜூலை 28-ல் திறந்தார்கள். டிவியில் பார்த்துப் பூரித்துப்போனேன், விவசாயி மகன் அல்லவா! பையனிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

ஆகஸ்டில் ஒரு காலை வாய்க்காலில் புதுத் தண்ணீர். கலங்கல், ஆழம் தெரியாது. அவன் அறிந்த தண்ணீர் நீச்சல் குளம்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டான். பம்புசெட் தண்ணீரில் நட்ட குறுவை நெல் வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா ஓடிவந்து, புத்தகப் பையின் வாரைப் பிடித்துக் கரையேற்றினார். சைக்கிள் மறுநாள் மதகில் ஆகாயத்தாமரையோடு சிக்கிக் கிடந்தது.

அம்மா என்னைப் பார்த்து, “ஆத்துல தண்ணி வந்துடுச்சுன்னு பிள்ளைகிட்ட சொல்ல மாட்டியாடா?” என்றார். பதில் இல்லை.

அதனால் மே மாதத்தில் பார்த்த வழியை நம்பாதீர்கள். காய்ந்திருந்தாலும் பாலத்து வழிதான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாய்க்கால்களுக்கு மாற்றி மாற்றி முறை வைத்துத் தண்ணீர் விடும்போது இன்று மண்ணாகக் கிடப்பது நாளை கரை தொட்டு ஓடும். மதகைத் திறந்து மூடுகிற லஸ்கரைக் கேட்டால் எப்போது வரும் என்று சொல்லிவிடுவார்.

அப்புறம் தை, மாசியில் சம்பா அறுவடை. ரோட்டில் பாதி நெல் காயும், மீதியில் வைக்கோல். வைக்கோலில் சைக்கிள் வழுக்கும்; இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும். நெல்மேல் ஏற்றினால் ஊரே திட்டும், அதுவும் நியாயம்தான்.

இப்போது பையன் பாலத்தில் லஸ்கரைப் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி, “இன்னைக்கு நம்ம முறையா மாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் போகிறான்.