கமினோ நடக்க ஸ்பானிஷ்: எனக்கு கைகொடுத்தது

ஸ்பெயின்ல இருக்கிற சாந்தியாகோவுக்கு கமினோ பிரான்சேஸ்ங்கிற பாதயாத்திரைப் பாதை வழியா கிட்டத்தட்ட 780 கிலோமீட்டர் நடக்கணும்னு முடிவு பண்ணதும் ஆப்ல மூணு மாசம் ஸ்பானிஷ் படிச்சேன், ஆனா அங்க போய் முதல் அல்பெர்கேல (யாத்ரீகர் விடுதி) "ஆய் காமாஸ்?"னு படுக்கை இருக்கானு சரியா கேட்டுட்டேன், அவங்க சொன்ன பதில்தான் ஒண்ணுமே புரியல.

அன்னிக்கு ராத்திரியே முறைய மாத்தினேன். கேள்விய விட்டுட்டு வரக்கூடிய பதில்களை எழுதி வெச்சு சத்தமா சொல்லிப் பாத்தேன். கொம்ப்ளேதோன்னா இடமில்ல, செர்ராதோன்னா மூடியாச்சு. விலைக்கும் நேரத்துக்கும் நம்பர் ரொம்ப முக்கியம், செசெந்தா 60, செதெந்தா 70, இது ரெண்டும் காதுல ஒரே மாதிரி விழும்.

உச்சரிப்புக்கு நம்ம தமிழே போதும்ங்க. அவங்க த, நம்ம த மாதிரியேதான் பல்லுல பட்டு வரும், எஸ்பாஞால (ஸ்பெயின்) வர்றது நம்ம ஞ. பேரோன்னா ஆனால், பேறோன்னா நாய், அந்த ற-வ நல்லா உருட்டணும்.

சைவக்காரங்க "சின் கார்னே" (இறைச்சி இல்லாம)ன்னு மட்டும் சொன்னா பத்தாது, எனக்கு சாலட்ல சூரை மீன் வந்துச்சு. "சின் ஹமோன், சின் அதூன்"னு பன்றிக்கும் மீனுக்கும் தனித்தனியா சொல்லுங்க. கால்ல வர்ற கொப்புளத்துக்கு அம்போயான்னு பேரு, வந்தா பச்சை சிலுவை போட்ட ஃபார்மாசியால (மருந்துக்கடை) காட்டுங்க.